வலது காது நன்றாகவே இருக்கிறது

ஜூன் 10

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். காதுக்குள் கேட்கும் இரைச்சல் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று தினமும் குறித்துவைத்தால் வைத்தியத்துக்கு உதவியாக இருக்கும் என்றார். லெப்டினன்ட் கர்னல் பட்வர்தன். காது, மூக்கு, தொண்டை டாக்டர். குள்ளமானவர், பொறுமைசாலி. மீசை கிடையாது, அதனால் அவர் பேசுவது சுலபமாகப் புரிகிறது.

என் பெயர் தணிகைவேல். பீரங்கிப் படையில் ஹவில்தார். ஒரு பீரங்கிக்கும் அதை இயக்கும் ஆட்களுக்கும் நான் பொறுப்பு. ஊர் போளூர். பிப்ரவரியில் ராஜஸ்தான் மணல்வெளியில் சுடும் பயிற்சி நடந்தது. நான் காதடைப்பான்களைக் கழற்றிவிட்டு வயர்லெஸ்ஸில் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்துப் பீரங்கி சுட்டுவிட்டது. யாருக்கும் காயமில்லை. எனக்கு மட்டும் காதில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ரெஜிமென்ட் டாக்டர் பார்த்துவிட்டு இங்கே புனே ராணுவ மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். இங்கே டெஸ்ட் எல்லாம் எடுப்பார்கள். பிறகு மூன்று அதிகாரிகள் கொண்ட மெடிக்கல் போர்டு உட்கார்ந்து, நான் படையில் தொடரலாமா, வீட்டுக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்யும்.

இடது காதில் மந்தம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். வலது காது நன்றாகவே இருக்கிறது.

இரைச்சல்: காலையில் அதிகம். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி.

ஜூன் 11

வார்டு நீளமானது. பழைய கட்டடம், தகரக் கூரை. என் கட்டில் ஜன்னல் ஓரம். வெளியே ஒரு குல்மோகர் மரம் பூத்துக் கொட்டுகிறது. பக்கத்துக் கட்டிலில் நாயக் தாபா, நேபாளி. காதில் ஆபரேஷன் முடிந்து தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருக்கிறான். லூடோ போர்டு வைத்திருக்கிறான். எந்நேரமும் சிரித்த முகம்.

சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். இங்கே பரேடு கிடையாது, செருப்புதான். இருந்தாலும் போட்டேன்.

இரைச்சல்: நாள் முழுக்க ஒரே மாதிரி.

ஜூன் 13

கேட்கும் திறன் டெஸ்ட். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கூண்டு, வெளிச் சத்தம் உள்ளே வராது. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். கூண்டுக்கு வெளியே மெஷின் முன்னால் டெக்னீஷியன் ஷிண்டே உட்கார்ந்திருப்பார். நடுவில் கண்ணாடி. அவர் விரல்கள் நமக்குத் தெரியாதபடி ஒரு தடுப்பு உண்டு. முழங்கை அசைவது மட்டும் தெரியும்.

நன்றாகவே செய்தேன். ஷிண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஜூன் 14

கர்னல் கூப்பிட்டுப் பேசினார். இடது காது மோசம், வலது காது சுமார் என்றார். ‘‘இன்னும் ரெண்டு தடவை எடுப்போம். இதே மாதிரி வந்தால் போர்டில் பிரச்சினை இருக்காது. பீரங்கிப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான். ஸ்டோரில் உட்கார வைப்பார்கள்.’’

ஸ்டோர் போதும். கம்பளிகளை எண்ணிக்கொண்டிருந்தாலும் யூனிஃபார்ம் யூனிஃபார்ம்தான். பத்தொன்பது வயதில் போட்டது. அதைக் கழற்றிவிட்டு வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. எங்கள் தெருவில் எனக்கு லீவு நாட்கள் மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் ஹேமா போன் செய்தாள். ஹேமலதா, என் மனைவி. ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷம் தேறாது. மற்றதெல்லாம் போன்தான். அவள் சிரித்தால் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு வரும். அதைக் கேட்பதற்காகவே ஏதாவது சொல்லுவேன்.

இந்த மருத்துவமனையில் சிக்னல் சரியில்லை. பாதி வார்த்தை விழுவதே இல்லை.

ஜூன் 16

மழை ஆரம்பித்துவிட்டது. காலையில் கண்விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிறது. குல்மோகர் பூவெல்லாம் சேற்றில். தாபா விரலால் கூரையைக் காட்டி, காதைப் பொத்திக்கொண்டு, ‘‘ராத்திரி முழுக்க இந்தத் தகரம் தூங்கவிடவில்லை’’ என்றான்.

நான் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 18

இரண்டாவது டெஸ்ட். முதல் தடவை போலவே வந்தது. சட்டைக் கையை மடித்துவிடாமல் ஷிண்டே வந்திருந்தார், கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

இரைச்சல்: டெஸ்ட் முடிந்ததும் ரொம்ப அதிகம்.

ஜூன் 20

வார்டில் ஒரு நர்ஸிங் ஆபீசர், லெப்டினன்ட் ஜெசிந்தா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். தமிழ்க்காரன் என்று தெரிந்ததும் என் கட்டில் பக்கம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். எனக்கும் தமிழ் பேச ஆசைதான். ஆனால் முகத்தில் மாஸ்க் போட்டிருக்கிறார். இன்றைக்கு என்னவோ கேட்டார். ‘‘ஆமா மேடம்’’ என்றேன். மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒரு மாதிரி பார்த்தார்.

‘‘காலைல சாப்பாடு எடுக்கலியான்னு கேட்டேன். ஆமான்னா, எடுக்கலியா?’’

‘‘எடுத்தேன் மேடம்.’’

‘‘பின்ன?’’

‘‘வேறு யோசனையில் இருந்தேன்.’’

அவர் மாஸ்க்கைத் திரும்ப ஏற்றாமலே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜூன் 23

ஹேமா போன். இன்றைக்கு நிறையப் பேசினாள். நானும் வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஒவ்வொரு தூணாக நின்று பார்த்தேன், எங்கேயும் சிக்னல் சரியில்லை. எங்கள் மகள் பாப்பாவின் பெயர் வந்தது. ரயில் என்று ஒரு வார்த்தை வந்தது, யாரோ ஊருக்குப் போகிறார்கள் போல. அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று, கேள்வி மாதிரி தோன்றிய இடத்திலெல்லாம் ‘‘சரி, சரி’’ என்றேன்.

நல்லபடியாகவே முடிந்தது.

ஜூன் 25

லூடோவில் தாபாவிடம் தோற்றேன்.

ஜூன் 28

தாபா டிஸ்சார்ஜ். நாளை மறுநாள் கிளம்புகிறான். அவனுடைய காது சரியாகிவிட்டது. கட்டைப் பிரித்ததும் கர்னல் அவன் பின்னால் நின்று மெதுவாக என்னவோ சொன்னார். அவன் திரும்பிச் சிரித்தான். வார்டே கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஜூன் 30

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலையில் தாபாவை வழியனுப்ப மெயின் கேட் வரைக்கும் போனேன். லூடோ போர்டை என்னிடமே விட்டுவிட்டான். தனியாக என்ன விளையாடுவது? வாங்கிக்கொண்டேன். போன் கட்டிலிலேயே கிடந்தது. திரும்பி வந்தும் எடுத்துப் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

நாலு மணி வாக்கில் யாரோ தோளைத் தட்டினார்கள். லெப்டினன்ட் ஜெசிந்தா. மாஸ்க் இல்லை.

‘‘ஒங்க வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. கேட்ல நிக்காங்க.’’

அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை சொன்னார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனேன்.

கேட்டில் காவலாளி அறைக்குப் பக்கத்தில், தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் ஹேமா. புடவைக் கரையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை. ரொம்ப நேரம் வெயிலில் நின்றவர்கள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது. ஆனால் இன்றைக்கு வெயிலே இல்லை.

‘‘நீ எப்படி இங்க?’’ என்றேன்.

‘‘எப்படியா? ரயில்லதான். காலைல வந்துட்டன். மத்தியானம் வரைக்கும் ஸ்டேஷன்லயே ஒக்காந்துகினு இருந்தேன். மிலிட்டரி ட்ரெஸ்ல யார் வந்தாலும் நீங்கதான்னு எழுந்து எழுந்து நின்னேன். போன் போட்டா எடுக்கல. அப்புறம் ஒரு ஆட்டோக்காரர்கிட்ட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னேன். அவர் எங்கெங்கியோ சுத்திட்டு இங்க வந்து உட்டாரு.’’

‘‘சொல்லாமக் கொள்ளாம வந்தா எப்படி?’’

அவள் என்னைப் பார்த்தாள்.

‘‘சொல்லாமயா? பாப்பாவ அக்கா வீட்ல உட்டுட்டு வரட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க. ஸ்டேஷனுக்கு வந்துருங்க, எனக்கு இந்தி வராதுன்னேன். அதுக்கும் சரின்னீங்க. எத்தன தபா சரின்னீங்க.’’

மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

‘‘மறந்துட்டீங்களா’’ என்றாள். கேள்வியாகக் கேட்டாளா, சும்மா திருப்பிச் சொன்னாளா, தெரியவில்லை.

ஜெசிந்தா மேடம்தான் நோயாளிகளின் குடும்பத்தார் தங்கும் இடத்தில் அவளுக்கு ஓர் அறை வாங்கிக் கொடுத்தார். அவளுக்கு வெந்நீர் பிடித்து வைத்தேன். கால் விரல்கள் ஊறிப்போய் வெளுத்திருந்தன.

ஜூலை 1

ஹேமா வீட்டிலிருந்து புளிசாதமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாள் ஆகியும் புளிசாதம் கெடவில்லை. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரிகிறது. பாப்பா கணக்கில் முதல் மார்க் வாங்கியது, மாடியில் தண்ணீர் ஒழுகுவது, பள்ளிக்கூடத்தில் புது பிரின்சிபால். எல்லாமே புரிந்தது.

சாப்பிட்ட டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

‘‘என்னாச்சு?’’

‘‘ஒண்ணுமில்ல.’’

‘‘குழாயடியில வழுக்கி விழுந்தியா?’’

‘‘இல்ல. பின்னாடி நின்னுகினு இருந்தேன்’’ என்றாள். டப்பாவை முந்தானையால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரைச்சல்: எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 2

சாயங்காலம் மருத்துவமனைச் சாலையில் நடந்தோம். மழை விட்டிருந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே ஹேமா என் கையைப் பிடித்தாள். தெருவில் என் கையைப் பிடித்து நடக்கிறவள் இல்லை அவள். கூச்சப்படுவாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என்னைத் தன் பக்கம் இழுத்தாள். அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் ஒரு ஆம்புலன்ஸ் என் தோளை உரசுகிற மாதிரி கடந்துபோனது. மேலே சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஆட்கள் எல்லோரும் எப்போதோ ஓரம் ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

அவள் கையை விடவில்லை. நான் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பற்றி என்னவோ திட்டினேன்.

ஜூலை 3

ஹேமாவை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். பாப்பாவை அதற்கு மேல் அக்கா வீட்டில் விட முடியாது, லீவும் கிடையாது.

ரயில் கிளம்புவதற்கு முன் ஜன்னல் கம்பி வழியாக இரண்டு கையையும் நீட்டி என் முகத்தைப் பிடித்தாள். ஆட்கள் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

‘‘எங்கிட்ட சரி சரின்னு சொல்லாதீங்க. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. நான் எத்தன தபா வேணும்னாலும் சொல்றன்.’’

தலையை ஆட்டினேன்.

‘‘வாயத் தொறந்து சொல்லுங்க.’’

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. நல்லவேளை.

ஜூலை 4

பக்கத்துக் கட்டில் காலியாகவே இருக்கிறது. விரிப்பை எடுத்துவிட்டார்கள். மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றேன், தட்டைக் கழுவினேன், முடி வெட்டிக்கொண்டேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தது சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஹேமாவின் குரலை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். கோபமாகப் பேசுவது வருகிறது. பாப்பாவைக் கூப்பிடுவது வருகிறது. சிரிப்பின் கடைசி இழுப்பு சரியாக வரவில்லை. இத்தனை நாள் போனில் நான் கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய சிரிப்பா, அல்லது இப்போது சிரிப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டதா?

ஜூலை 5

மூன்றாவது டெஸ்ட். கர்னலும் வந்திருந்தார். இதுதான் போர்டுக்குப் போகும். ‘‘போன தடவை மாதிரியே செய்தால் போதும். உனக்கு ஸ்டோர் வேலை உறுதி’’ என்று தோளைத் தட்டினார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டினார்கள். கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷிண்டேயின் முழங்கை. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். எல்லாம் எனக்குச் சாதகமாக இருந்தது.

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சுவரில் ஓட்டை ஓட்டையாக வெள்ளைப் பலகை அடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டன் கையில் இருந்தது. எப்போதாவது ஒரு சத்தம், ரொம்பத் தூரத்தில் யாரோ மேஜையை நகர்த்துகிற மாதிரி. அழுத்தினேன். பிறகு வெறும் இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கட்டைவிரல் வியர்த்து பட்டன் வழுக்கியது. அழுத்த எதுவும் இல்லை. ஷிண்டே கதவைத் திறந்து தோளைத் தொட்டபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

கர்னல் பழைய தாள்களையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூண்டுக்குள் திரும்பியிருந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரு டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. டீ குடித்து முடித்த பிறகு என் முகத்துக்கு நேராகச் சொன்னார்:

‘‘இரண்டு காதும், தணிகைவேல்.’’

‘‘ஆமா சாப்.’’

‘‘இது பிப்ரவரியில் வந்தது மட்டும் இல்லை. வருஷக்கணக்கான பீரங்கி.’’

‘‘கேக்கல சாப். இன்னொரு தடவை சொல்லுங்க’’ என்றேன்.

புரிந்துதான் இருந்தது. இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை சொன்னார்.

ஜூலை 6

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 19

போர்டு. மூன்று அதிகாரிகள், பச்சைத் துணி விரித்த மேஜை. நடுவில் இருந்தவருக்குப் பெரிய மீசை. கர்னல் பட்வர்தன் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் எனக்காகத் திருப்பிச் சொன்னார். படையில் தொடரத் தகுதியில்லை. பணி செய்ததால் ஏற்பட்ட குறைபாடு. அதைப் பெரிய விஷயமாகச் சொன்னார்கள், எனக்கு நல்லதுதானாம், பென்ஷன் கூடுமாம். ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார் மீசைக்காரர்.

என் பீரங்கிக் குழுவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். படையில் கொடுத்த கிட் சாமான்கள் எல்லாம் அங்கேதான் ஒப்படைக்க வேண்டும், எப்படியும் போகத்தான் போகிறாய் என்றார். எனக்கே தெரியும். வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

ஹேமாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: ‘வீட்டுக்கு வரேன். மொத்தமா.’ உடனே பதில் வந்தது: ‘சரி.’ பிறகு இன்னொன்று: ‘சரின்னு நான் சொல்லலாம்.’

ஜூலை 22

ஜெசிந்தா மேடம் சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டியூட்டி முடிந்துவிட்டதாம். ஆபீசர் இப்படி உட்காருவது வழக்கமில்லை. நான் எழுந்து நிற்கப் போனேன். உட்காரச் சொன்னார்.

‘‘எங்க அப்பாவுக்கும் காது போச்சு. மீன்பிடி போட்டு எஞ்சின்ல வேல. சொல்லவே மாட்டாரு. கல்யாண வீட்லயெல்லாம் எல்லாத்துக்கும் சிரிப்பாரு. ஆளுங்க கிறுக்கன்னு நெனச்சாங்க. அப்பறம் வெளிய போறதயே விட்டுட்டாரு.’’

நான் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

‘‘நீங்க வெளிய போங்க, என்ன?’’ என்றார். தாபாவின் லூடோ போர்டை எடுத்து விரித்தார். ஒரு ஆட்டம் ஆடினோம். வேண்டுமென்றே தோற்றார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

ரெஜிமென்ட். இங்கே வெயில் இன்னும் கொளுத்துகிறது. இரண்டு நாளாகக் கிட் ஒப்படைப்பு. கம்பளி, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, ஹெல்மெட். ஸ்டோர்க்காரன் ஒவ்வொன்றாக வாங்கிப் பின்னால் எறிந்தான். யூனிஃபார்ம் எனக்கே.

இன்று விருந்து. எங்கள் தலைமை அதிகாரி சிஓ பேசினார். நீளமான பேச்சு. என்னைப் பார்த்துப் பேசினார் என்றாலும் மைக் வாயை மறைத்தது. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஜெசிந்தா மேடம் சொன்னது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டேன். என்னைப் பற்றி என்ன நல்லது சொன்னார் என்று தெரியாமலே நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்து என் குழு ஆட்கள் என்னைப் பீரங்கி ஷெட்டுக்கு அழைத்துப்போனார்கள். லான்ஸ் நாயக் சுக்தேவ், என் இரண்டாவது ஆள், பஞ்சாபி. பீரங்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். குழலைத் தொட்டேன், ஷெட்டின் அனலில் கொதித்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை, அல்லது பேசினார்களோ என்னவோ.

கிளம்பும்போது சுக்தேவ் என் எதிரில் வந்து நின்றான். தாடியை ஒரு கையால் ஒதுக்கி வாயைக் காட்டிப் பேசினான்.

‘‘சாப், ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகவே உத்தரவு வந்தால் நான் உங்கள் தோளைத் தட்டுவேன். கவனித்திருக்கிறீர்களா?’’

‘‘அது உன் பழக்கம் என்று நினைத்தேன்.’’

‘‘பழக்கம் இல்லை. நாங்கள் பேசி வைத்தது. உங்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களே என்று.’’

அவன் பின்னால் மற்றவர்கள் தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷமாக. கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. எவ்வளவு ஆபத்து அது. வரவில்லை. ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்தேன்.

நாளை ரயில்.

ஆகஸ்ட் 31

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஹேமா பள்ளிக்கூடம் போகிறாள், பாப்பாவும் போகிறாள். தர்ஷினி, இரண்டாம் வகுப்பு. அவர்கள் போன பிறகு வீடு அசையாமல் இருக்கிறது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. பால்காரர் வந்து போனது, கேஸ் சிலிண்டர்காரர் வந்து போனது எல்லாம் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிச் சொல்லித்தான் தெரிகிறது.

காலையில் சீக்கிரம் எழுந்து ஷேவ் செய்து சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்கிறேன். பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

காது மெஷின் கொடுத்திருக்கிறார்கள். போட்டால் எல்லாச் சத்தமும் ஒன்றாக வருகிறது. மிக்சி, பஸ், நாய், ஹேமா எல்லாம் ஒரே உயரத்தில். கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12

ஹேமா சொன்னாள்: ‘‘தெருவுல பேசிக்கிறாங்களாம். மிலிட்டரிக்காரருக்குத் திமிரு, கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்லன்னு.’’

‘‘நீ என்ன சொன்னே?’’

‘‘நான் எதுக்கு சொல்லணும்? சொல்ல வேண்டியது நீங்க.’’

கோபமாக எழுந்து போனேன். மாடியில் தண்ணீர் ஒழுகும் இடத்துக்கு சிமென்ட் பூசினேன். நன்றாகப் பூசினேன்.

அக்டோபர் 3

மாடி ஒழுகவில்லை. மெஷினைத் தினமும் ஒரு மணி நேரம் போடுகிறேன். ஹேமா எதிரில் உட்கார்ந்து நாளிதழ் வாசிக்கிறாள். பாதி புரிகிறது. நேற்று எதற்கோ சிரித்தாள். சிரிப்பு வேறு மாதிரிதான் கேட்கிறது, தகரத்தில் தட்டுகிற மாதிரி. கடைசியில் இழுப்பு இருக்கிறதா என்று அவளையே கேட்டேன். அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை.

அக்டோபர் 20

வேலை கேட்டு ஒரு கிடங்குக்குப் போனேன். செக்யூரிட்டி வேலை. மேனேஜர் கேள்வி கேட்டுக்கொண்டே போனில் குனிந்துகொண்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். நடந்தே வந்தேன்.

நவம்பர் 9

பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அதே பள்ளிக்கூடத்தில்தான் ஹேமாவும் டீச்சர் என்பதால் அவள் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைப் பார்க்க வேண்டும். நான்தான் போக வேண்டியதாயிற்று. மெஷினைப் போட்டுக்கொண்டு போனேன். அந்த இரைச்சலில் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

நீள வரிசை. எங்கள் முறை வந்தது. பாப்பாவின் வகுப்பு டீச்சர் இளம்பெண், வேகமாகப் பேசுகிறவர். மார்க் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டே பேசினார். பிறகு பீரோ பக்கம் திரும்பி ஒரு தாள்கட்டைத் தேடிக்கொண்டே பேசினார். பாப்பா என் விரலைப் பிடித்திருந்தாள். எப்போதும் போலத் தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். தலை ஒரு தடவை ஆடக்கூடச் செய்தது.

‘‘மேடம்’’ என்றேன். சத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது. வரிசையே திரும்பியது. ‘‘எனக்குக் காது கேக்காது. என் முகத்தப் பாத்து சொல்லுங்க.’’

யாரிடமும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் நின்ற ஒருவர், எங்கள் தெருக்காரர், பக்கத்து ஆளிடம் என்னவோ சொன்னார். பாப்பா என் விரலை விட்டாள். வெட்கப்பட்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சுற்றிவந்து எனக்கும் டீச்சருக்கும் நடுவில், என்னைப் பார்த்து நின்றாள்.

‘‘நான் சொல்றன்பா’’ என்றாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே இப்போது நிதானமாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ‘‘நல்லா படிக்கிறா சார். ஆனா வகுப்புல ஒரே பேச்சு. பக்கத்துல யாரையும் எழுத விடறதில்ல. ரெண்டு தடவ இடம் மாத்தி ஒக்கார வச்சிட்டேன். வீட்ல கொஞ்சம் கண்டிங்க.’’

பாப்பா முழுவதையும் கவனமாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் முகத்தை நிமிர்த்தி, அவள் அம்மா மாதிரியே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

‘‘நல்லா படிக்கிறேனாம். எல்லார்கூடவும் ஃப்ரெண்ட்லியா இருக்கேனாம். வேற ஒண்ணுமில்லயாம்.’’

டீச்சரின் வாய் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

‘‘ரொம்ப சந்தோஷம் மேடம்’’ என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போடத் தாளை நீட்டினார்.

வெளியே வந்து நடந்தோம். பாப்பா என் பக்கத்தில் நடக்கவில்லை. எனக்கு முன்னால் போய்த் திரும்பி, பின்பக்கமாக நடந்துகொண்டே பேசினாள், வாய் எனக்குத் தெரியவேண்டும் என்று. வகுப்பில் இத்தனை நாள் யாரிடமெல்லாம் என்னென்ன பேசினாளோ அதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அவள் பின்பக்கம் வரும் சைக்கிளையும் ஆட்டோவையும் பள்ளத்தையும் நான்தான் பார்க்க வேண்டும். சாலையைப் பார்த்தால் அவள் வாய் தெரியாது. வாயைப் பார்த்தால் சாலை தெரியாது.

பாதிக் கதைதான் கிடைத்தது. ‘‘கேக்கல, இன்னொரு தபா சொல்லு’’ என்றேன். நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.